மாட்டுக்காரன் வீட்டுக்கு வந்த குதிரைக்குட்டி

எங்கள் வீட்டுக்குப் புது மாடு வந்தால் அப்பாருக்கு, அதாவது தாத்தாவுக்கு, ஒரே வேலைதான். கட்டுத்தரையில் கட்டி, சோளத்தட்டுப் போட்டு, தண்ணி காட்டிவிட்டு எதிரில் கயிற்றுக்கட்டிலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். பேசமாட்டார், தடவிக் கொடுக்கமாட்டார், பேர்கூட வைக்கமாட்டார். மாடு படுத்து அசை போட ஆரம்பித்ததும் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "செரி, ஊடு பழகிருச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். சில மாட்டுக்கு ஒரு ராத்திரி, சிலதுக்கு மூன்று நாள். கண்ணபுரம் சந்தையில் பிடித்துவந்த ஒரு மயிலைப் பசு மட்டும் ஒரு வாரம் எடுத்துக்கொண்டது, அதை இன்னும் சொல்லிக்காட்டுவார்.

குதிரை அசை போடாது. இந்தச் சின்ன விஷயத்தை வீட்டில் ஒருவர்கூட யோசிக்காமல்தான் போன ஆடியில் அந்தியூரிலிருந்து ஒரு குட்டியை ஏற்றிக்கொண்டு வந்தோம்.

அந்தியூர் தெரியாதவர்களுக்கு: ஈரோடு மாவட்டம், புதுப்பாளையம் குருநாதசாமி கோயில். ஆடி மாதத் திருவிழாவில் மகமேரு தேர்களைத் தோளில் சுமந்து வனக்கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். அதையொட்டிக் கூடுகிற குதிரைச் சந்தைக்குத் தமிழ்நாட்டில் இன்னொன்று ஈடில்லை. திப்பு சுல்தான் படைக்கு இங்கேதான் குதிரை பிடித்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். மார்வார், கத்தியவார், நொக்ரா, மட்டக்குதிரை எல்லாம் புளிய மரத்தடியில் வரிசையாக நிற்கும், இந்தப் பக்கம் காங்கேயம் காளை, பர்கூர் மலை மாடு, நடுவில் கரும்புச்சாறு வண்டி. சின்ன வயதில் வருடா வருடம் அப்பாரோடு போவேன். அவர் மாட்டு வரிசையை விட்டு நகரமாட்டார், நான் குதிரை வரிசையை விட்டு நகரமாட்டேன். எங்கள் ஊர் கருப்பராயன் கோயிலில் ஆளுயரத்துக்கு மண் குதிரை ஒன்று நிற்கிறது, அதன் காலடியில் விளையாடித்தான் வளர்ந்தேன். அந்த ஆசை உள்ளேயே கிடந்திருக்கும்போல. திருப்பூர் வேலையை விட்டு விவசாயக் காட்டுக்குத் திரும்பி வந்து மூன்று வருடம் கழித்து அது கையை நீட்டிவிட்டது.

குட்டிக்கு அப்போது ஒன்றரை வயது. நொக்ரா கலப்பு என்றார் குதிரை விற்ற பாய். பால் வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, மார்வார் வழிக்குரிய வளைந்த காதுகள், நிமிர்ந்து பார்க்கும்போது இரண்டு நுனியும் ஒன்றையொன்று தொட்டுவிடும்போல இருக்கும். உதட்டை விலக்கிப் பல்லைக் காட்டினார். முன்பல் அத்தனையும் பால்பல். நடுப்பல் இரண்டும் விழுந்து நிலைப்பல் முளைக்க இரண்டரை வயதாகும், அடுத்த ஜோடிக்கு மூன்றரை, கடைசி ஜோடிக்கு நாலரை. இது மட்டும் படித்து வைத்திருந்தேன், அதனால் பெரிய குதிரைக்காரன் மாதிரி தலையை ஆட்டினேன். அப்பாரு அவர் பங்குக்கு மாட்டுக்குப் பார்ப்பதுபோலவே சுழி பார்த்தார், நெற்றி, கழுத்து, முதுகு என்று விரலை வைத்துத் தடவிக்கொண்டே போய், பாடைச்சுழி இல்லை என்று உறுதி செய்துகொண்டு ஒதுங்கி நின்றார். கைமேல் துண்டு போட்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசி முடிந்தது. என்ன விலை என்று கேட்காதீர்கள், துண்டுக்குள் முடிந்தது துண்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

கயிற்றைக் கையில் கொடுக்கும்போது பாய் சொன்னார்: "தம்பி, ஒரு பத்து நாளைக்கு இங்க தின்னதையேதான் அங்கயும் திங்கணும். ரெண்டு மூட்டை கட்டித் தர்றேன், எடுத்துட்டுப் போ." கோதுமைத் தவிடு, உடைத்த கொள்ளு, காய்ந்த அருகம்புல். நான் ஒரு மூட்டை போதும் என்றேன். காட்டில் பச்சை அலையடிக்கிறது, இவர் தவிட்டை விற்கப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். இதற்குத் திரும்ப வருகிறேன்.

அந்தியூரிலிருந்து எங்கள் ஊருக்குச் சுமார் 80 கிலோமீட்டர். பிக்கப் வண்டியில் சாக்கு விரித்து, மேலே வைக்கோல் பரப்பி, மூன்றரை மணி நேரம் உருட்டிக்கொண்டு வந்தோம். நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி வாளியில் தண்ணி காட்டினால் மூக்கை நனைத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தேன், உடனே சமமானது, சரி, தண்ணிச்சத்து குறையவில்லை. ஈறைக் கட்டைவிரலால் அழுத்தினால் வெளுத்து, இரண்டு நொடிக்குள் திரும்பச் சிவந்தது. அது வரைக்கும் என் படிப்பு உதவியது.

வருவதற்கு முன்பே நான் செய்த உருப்படியான வேலை ஒன்று உண்டு, வீட்டில் பெரிய சண்டை வந்ததும் அதனால்தான். வேலியோரமாக அம்மா இரண்டு வரிசை செவ்வரளி வைத்திருந்தார், செவ்வாய் வெள்ளிக்குப் பூப்பறித்து மாலை கட்ட. பதினைந்து வருடச் செடி. அரளி இலை ஒரு கை அளவுகூட வேண்டாம், குதிரையின் இதயத்தை நிறுத்திவிடும். காய்ந்து சருகானாலும் விஷம் போகாது, பச்சையைவிடச் சருகுதான் இன்னும் மோசம், ஏனென்றால் பச்சையின் கசப்பு குறைந்து புல்லோடு புல்லாக வாய்க்குள் போய்விடும். அதனால் வெட்டினால் மட்டும் போதாது, ஒவ்வொரு இலையாகப் பொறுக்க வேண்டும். இரண்டு நாள் பொறுக்கினேன். எரிக்கவும் கூடாது, புகையும் ஆகாது, குழி வெட்டிப் புதைத்தேன். அம்மா நான்கு நாள் என்னோடு பேசவில்லை. "இத்தனை வருசமா மாடு இருந்துச்சே, ஒண்ணாவது அரளிய வாயில வெச்சுதா?" என்று அப்பாரிடம் நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் குதிரையைப் பற்றிய எந்த வழக்கும் மாட்டை வைத்துத்தான் தீர்ப்பாகும். அப்போது எனக்கு அது சிரிப்பாக இருந்தது. நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன் என்று நான்காம் நாள் ராத்திரிதான் தெரிந்தது.

கொட்டிலைப் பெருமையாகக் கட்டியிருந்தேன். 12க்கு 12 அடி, மூன்று பக்கம் சுவர், சிமெண்டுத் தரை, மேலே தகரம், வீட்டுக்குப் பின்னால் ஒதுக்குப்புறமாக. புதுக் குதிரையைக் குறைந்தது இரண்டு மூன்று வாரம் தனியாக வைக்க வேண்டும் என்று படித்திருந்தேன். சந்தையில் ஒன்றோடொன்று மூக்கு உரசி நின்ற குதிரை, தாடைக்கு அடியில் கட்டி கட்டிச் சீழ் பிடிக்கிற நோயை உள்ளே வைத்துக்கொண்டு வெளியே நன்றாகத் தெரியும். அதனால் மாடுகளின் கண்ணில்கூடப் படாதபடி தூரமாக. எவ்வளவு ஜாக்கிரதை பாருங்கள்.

முதல் ராத்திரி கனைத்துக்கொண்டே இருந்தது. குதிரை கனைப்பதைச் சினிமாவில் கேட்டிருப்போம், அது வேறு. இது நீளமாக, கடைசியில் நடுங்கி, நின்று, பிறகு காதை இரண்டு பக்கமும் திருப்பிப் பதில் வருகிறதா என்று கேட்டுவிட்டு மறுபடி ஆரம்பிக்கிற கனைப்பு. அந்தியூர் வரிசையில் அதன் இரண்டு பக்கமும் குதிரை நின்றது. இங்கே சுவர். கயிற்றை அவிழ்த்து உள்ளே சும்மா விட்டால் மூலைக்கு மூலை நடந்தது, விடிய விடிய. காலையில் தரையைப் பார்த்தால் ஒரே தடத்தில் வைக்கோல் ஒதுங்கி வட்டமாக வெள்ளைச் சிமெண்டு தெரிந்தது.

அப்பாரு கட்டிலைக் கொண்டுவந்து எதிரில் போட்டார். கால் மணி நேரம் பார்த்தார். "ஏங் கண்ணு, இது எப்ப அசை போடும்?"

"குதிரை அசை போடாதுங்க அப்பாரு."

"பொறவு எப்படித் தெரியும்?"

எனக்கும் தெரியவில்லை. தின்றால் சரியாகிவிட்டது என்று அர்த்தம் என்றேன். அது தின்றுகொண்டுதான் இருந்தது. பயந்த குதிரையும் தின்னும்.

அடுத்த இரண்டு நாளும் திருவிழாக்கூட்டம். பங்காளி வீட்டு ஆட்கள், மாமன் மக்கள், பள்ளிக்கூடம் விட்டு வருகிற பொடிசுகள், எல்லார் கையிலும் போன், செல்ஃபி எடுக்கப் பின்பக்கமாகப் போய் வாலைத் தொட்டுவிட்டு ஓடுகிற வீரர்கள். குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் சுற்றிலும் ஏறக்குறைய முழுவட்டமும் தெரியும், தெரியாத இடம் நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சம், வாலுக்கு நேர் பின்னால் கொஞ்சம். நம் ஆட்கள் சொல்லிவைத்த மாதிரி அந்த இரண்டு இடத்தில்தான் போய் நிற்பார்கள். "எப்ப மாப்ள ஏறி ஓட்டப்போற?" என்று கேட்காதவர் இல்லை. ஒன்றரை வயதுக் குட்டியின் முன்னங்கால் முட்டி எலும்பே முற்றி முடிய இரண்டரை வயதாகும், முதுகெலும்புக்கு ஐந்தைத் தாண்டும், மூன்று வயதுக்கு முன்னால் ஆள் ஏறுகிற பேச்சே இல்லை என்று முதல் பத்துப் பேருக்குப் பொறுமையாகச் சொன்னேன். பதினொன்றாவது ஆளுக்கு "பொங்கலுக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

தண்ணியும் ஒரு தலைவலி. எங்கள் போர்த் தண்ணி உப்பு. மாடுகள் பிறந்ததிலிருந்து குடிக்கின்றன, நாங்கள் துணி துவைக்கக்கூட யோசிப்போம். குட்டி வாளியில் உதட்டை வைத்து, மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தது. ஒரு நாளைக்கு வளர்ந்த குதிரைக்கு 25 லிட்டருக்குக் குறையாமல் வேண்டும், வெயில் நாளில் 40கூட ஆகும். குட்டிக்கு அவ்வளவு வேண்டாம்தான், ஆனால் இது ஐந்து லிட்டர்கூடத் தொடவில்லை. மேட்டூர்க் குழாய்த் தண்ணியைக் குடத்தில் பிடித்து, துளி வெல்லம் கரைத்து வைத்தேன். குடித்தது. பிறகு ஒவ்வொரு நாளும் அதில் ஒரு சொம்பு போர்த் தண்ணியைக் கூட்டிக்கொண்டே வந்து மூன்று வாரத்தில் முழுக்கப் போர்த் தண்ணிக்குக் கொண்டுவந்தேன். தண்ணி விஷயத்தில் இருந்த புத்தி தீனி விஷயத்தில் இல்லாமல் போனதுதான் எனக்கே இன்றைக்கும் புரியாத புதிர்.

பாய் கொடுத்த மூட்டை மூன்றாம் நாள் தீர்ந்தது. தீனியில் தவிட்டைக் கொஞ்சம் அதிகமாகவே அள்ளிப் போட்டிருந்தேன், பாசத்தில். நான்காம் நாள் காலையில் மாட்டுக்கு அறுத்த கோ-4 புல்லில் ஒரு கட்டு, நறுக்கி, பச்சைப்பசேல் என்று. சாயங்காலம் ஊறவைத்த கொள்ளு இரண்டு படி. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள், குதிரைக்குக் கொள்ளு என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மிச்சம் வைக்காமல் தின்றது. எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

ராத்திரி ஏழு மணிக்கு முன்னங்காலால் தரையைப் பிறாண்ட ஆரம்பித்தது. பிறகு கழுத்தைத் திருப்பித் தன் வயிற்றையே பார்த்தது, அங்கே யாரோ நிற்கிற மாதிரி. படுத்தது, புரண்டது, எழுந்தது, மறுபடி படுத்தது. பல்லைக் கடித்தது. மூக்கு விடைத்துக் கழுத்தில் வியர்வை கோடு கோடாக வழிந்தது. மாடு வயிறு உப்பினால் இடது பக்கம் பெருத்துத் தெரியும், எண்ணெயும் பெருங்காயமும் புகட்டுவோம், அப்பாரு அதற்குத்தான் மூங்கில் குழாயைத் தேடிக்கொண்டிருந்தார். நல்லவேளையாக டாக்டர் போனை எடுத்தார். "வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க. நடக்கவெச்சுட்டே இருங்க. தீனியெல்லாம் எடுத்துருங்க. வர்றேன்" என்றார்.

அவர் வந்து சேர ஒன்பதே கால் ஆனது. தாடைக்கு அடியில் இரண்டு விரலை வைத்து நாடி பார்த்தார், நிமிடத்துக்கு 72. வளர்ந்த குதிரை சும்மா நிற்கும்போது 28 முதல் 44 வரை இருக்கும், குட்டிக்குக் கொஞ்சம் கூடும், ஆனால் 72 கிடையாது. விலாவுக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப்பை வைத்து ரொம்ப நேரம் கேட்டார், பிறகு என் காதில் மாட்டிவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. "நல்ல குதிரைக்கு இங்க கடகடன்னு வண்டி ஓடற மாதிரி கேக்கணும்" என்றார். வலிக்கு ஊசி போட்டு, மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் இறக்கித் திரவ பாரஃபின் விட்டார். மூக்கு வழியாகத்தான் விட வேண்டும், வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து உண்டு, குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது.

குழாயைக் கழுவிக்கொண்டே அவர் சொன்ன ஒரு வரி, இன்றைக்கு யாராவது குதிரை வாங்குகிறேன் என்று வந்தால் நான் முதலில் சொல்வது அதைத்தான்: "மாட்டுக்குத் தொட்டி முன்னாடி, குதிரைக்குத் தொட்டி பின்னாடி." மாட்டின் முதல் வயிறு நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும், நுண்ணுயிர்கள் அங்கேயே உட்கார்ந்து முதல் வேலையாக எதையும் நொதிக்கவைத்துவிடும், அரைகுறையாக மென்றதை மாடு அசை போட்டுச் சரிசெய்துகொள்ளும். குதிரையின் இரைப்பை 8 முதல் 15 லிட்டர்தான், குட்டிக்கு அதையும்விடச் சின்னது. நொதிக்கிற இடம் கடைசியில், பெருங்குடல் பக்கம் இருக்கிறது. அங்கே இருக்கிற நுண்ணுயிர்கள் பாயின் தவிட்டுக்கும் அருகம்புல்லுக்கும் பழகினவை. அவற்றின் தலையில் ஒரே நாளில் ஒரு கட்டுப் பச்சையையும் இரண்டு படிக் கொள்ளையும் கொட்டினால் என்ன ஆகும்? காற்று, அமிலம், வலி. புதுத் தீனிக்கு அவை மாற ஒரு வாரம் பத்து நாள் வேண்டும். பாய் சொன்ன அதே பத்து நாள்.

கோ-4 பற்றி இன்னொன்றும் சொன்னார். அதில் ஆக்சலேட் அதிகம், தீனியில் இருக்கிற சுண்ணாம்புச்சத்தைக் கட்டிப்போட்டுவிடும். மாட்டின் முதல் வயிறு அதை ஓரளவு உடைத்துவிடும், குதிரையால் முடியாது. மாதக்கணக்காக அதையே போட்டால் உடம்பு தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுக்க ஆரம்பித்து, முகத்து எலும்பு வீங்கிக் குதிரை நொண்டும். வளருகிற குட்டிக்குச் சொல்லவே வேண்டாம். தமிழில் குதிரை மசால் என்றே பேர் வைத்த தீவனம் இருக்கிறது. நான் போய் மாட்டுப் புல்லை அறுத்துப் போட்டிருக்கிறேன்.

ராத்திரி மூன்று மணி வரை ஆளுக்கு அரை மணி நேரம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தோம், நான், அப்பாரு, அரளிக் கோபத்தில் இருந்த அம்மாவும்தான். மூன்றேகாலுக்கு வாலைத் தூக்கி நான்கைந்து உருண்டை லத்தி போட்டது. டார்ச் வெளிச்சத்தில் அது பளபளவென்று எண்ணெயோடு கிடந்தது. அம்மா அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அதன் பிறகுதான் என்னோடு பேசினார்: "போய்ப் படு, நான் பாத்துக்கறேன்."

காலையில் டாக்டர் மறுபடி வந்தார். நாடி 48. இரத்தம் எடுத்தார், குளாண்டர்ஸுக்கு ஒன்று, ஈ கடித்துப் பரவுகிற சர்ராவுக்கு ஒன்று. குளாண்டர்ஸ் மனிதனுக்கும் தொற்றும், தடுப்பூசி கிடையாது, உறுதியானால் சட்டப்படி அந்தக் குதிரையைக் கொன்றுவிட வேண்டும். சந்தையில் வாங்குகிறவர்கள் இதை வாங்குவதற்கு முன்னால் கேட்க வேண்டும், நான் வாங்கி ஐந்து நாள் கழித்துக் கேட்டேன். (இரண்டுமே பிறகு இல்லை என்று வந்தது.) ரணஜன்னி ஊசி போட்டார், அடுத்த மாதம் இன்னொன்று என்று குறித்துக் கொடுத்தார். எல்லாம் முடிந்து கொட்டிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதை ஏன் இங்க தனியா வெச்சிருக்கீங்க?" என்றார்.

நான் ரொம்ப விவரமாக, "தனிமைப்படுத்தி வெச்சிருக்கேனுங்க டாக்டர், மூணு வாரம்."

"யாருகிட்ட இருந்து?"

"மத்த…"

"இங்க எங்கங்க வேற குதிரை இருக்குது?"

தாடைச் சீழ் மாட்டுக்கு வராது. குளாண்டர்ஸ் மாட்டுக்கு வராது. சர்ரா மட்டும்தான் இரண்டுக்கும் பொது, அதற்குச் சுவர் எதற்கு, ஈயை ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். அப்புறம் அவர் கேட்டதுதான் என்னை உட்காரவைத்தது: "படுக்குதா?"

குதிரை நின்றுகொண்டே தூங்கும், அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்றேன். பாதி தூக்கம்தான் நின்றுகொண்டு என்றார். பின்னங்கால் முட்டிச்சில்லைப் பூட்டு மாதிரி மாட்டிக்கொண்டு சிரமமில்லாமல் நின்று கண்ணயரும். ஆனால் கனவு வருகிற ஆழ்ந்த தூக்கத்தில் உடம்பு முழுக்கத் தளர்ந்துவிடும், அதற்குப் படுத்தே ஆக வேண்டும். ஒரு நாளைக்கு அரை மணி நேரம் போதும், ஆனால் அந்த அரை மணி வேண்டும். பல நாள் கிடைக்காவிட்டால் நின்றபடியே கால் மடங்கி விழும். மந்தையில் ஒன்று காவலுக்கு நிற்க மற்றது படுக்கும். ஆளில்லாத இடத்தில், வழுக்குகிற சிமெண்டுத் தரையில், மூன்று பக்கம் சுவருக்குள் என்ன வருகிறது என்று தெரியாமல் அது எப்படிப் படுக்கும்? குதிரைக்கு எழுந்து ஓடத் தெரிவதுதான் உயிர், படுத்தால் அந்த இரண்டு மூன்று நொடி போய்விடும். ஐந்து ராத்திரியில் அது படுத்ததைப் பார்த்தது, வயிற்றுவலியில் புரண்டபோது மட்டும்தான்.

அன்றைக்கே கொட்டில் காலி. கட்டுத்தரைக்குப் பக்கத்தில், நடுவில் ஒரு சவுக்குக் கட்டைத் தடுப்பு மட்டும் வைத்து, மண் தரையில் இடம் ஒதுக்கினோம். மஞ்சி மில்லிலிருந்து ஒரு டிராக்டர் தென்னை நார்த்தூள் இறக்கி முழங்கால் ஆழத்துக்குப் பரப்பினேன். நான் கட்டிய 12க்கு 12ல் இப்போது உர மூட்டை அடுக்கியிருக்கிறது, அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் சிமெண்டு விலை ஞாபகம் வரும்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் எங்கள் மூத்த பசு, அதே கண்ணபுரத்து மயிலை. குட்டி அதன் எதிரில் போய்க் கழுத்தை நீட்டி, உதட்டை இழுத்துக்கொண்டு, கீழ்த்தாடையை மேலும் கீழும் வேகவேகமாக அடித்தது. சத்தம் வராத கைத்தட்டல் மாதிரி. குதிரைக்குட்டிகள் பெரிய குதிரைகளிடம் இப்படிச் செய்யும், நான் சின்னப் பிள்ளை, என்னை ஒன்றும் செய்துவிடாதே என்று. இது ஆள் தெரியாமல் பசுவிடம் செய்துகொண்டிருந்தது. பசு ஒரு பார்வை பார்த்துவிட்டு அசையைத் தொடர்ந்தது. அப்பாரு கட்டிலிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "கண்ணு, இங்க பாரு, அசை போடப் பழகுது!"

நான் மறுக்கவில்லை.

அதற்குப் பிறகு சொல்ல அதிகமில்லை. ஆட்கள் வருவதை நிறுத்தினோம், படலில் சங்கிலி போட்டதற்குச் சித்தப்பா இரண்டு மாதம் முகம் கொடுக்கவில்லை. அந்தியூருக்கு இன்னொரு நடை போய்ப் பாயிடம் இரண்டு மூட்டை வாங்கினேன். அவர் "ஏன்" என்று கேட்கவில்லை, கட்டிக் கொடுத்துவிட்டுச் சிரித்தார், அந்தச் சிரிப்புக்குக் காசு வாங்கவில்லை. தினமும் ஒரு கைப்பிடி பழைய தீனியைக் குறைத்து ஒரு கைப்பிடி புதுத் தீனியைக் கூட்டினேன். நான் காலையும் மாலையும் போய்த் தடுப்புக்கு உள்ளே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்வேன், பேசமாட்டேன், கையை நீட்டமாட்டேன். எட்டாம் நாளோ என்னவோ பின்னாலிருந்து கழுத்தில் சூடாக மூச்சுப் பட்டது. காலரை உதட்டால் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு விட்டது. தும்பை என்று பேர் வைத்ததும் அன்றைக்குத்தான்.

ஆனால் படுக்கவில்லை. ராத்திரி எழுந்து எழுந்து போய்ப் பார்ப்பேன், நின்றுகொண்டே இருக்கும், ஒரு பின்னங்காலைத் தளர்த்தி, கீழுதடு தொங்க. காலையில் அந்த வெள்ளை உடம்பை இரண்டு பக்கமும் சுற்றி வந்து பார்ப்பேன், ஒரு துளி நார்த்தூள் ஒட்டியிருக்காது. சலவைக்குப் போட்டு எடுத்த மாதிரி நிற்கும். அவ்வளவு சுத்தமான குதிரையைப் பார்த்து அவ்வளவு வெசனப்பட்டது நானாகத்தான் இருப்பேன்.

பதினொன்றாம் நாள் விடியற்காலை நாலரை மணிக்கு அப்பாரு பால் பீய்ச்சப் போனார். அவர் போட்ட சத்தத்தில் தெருவே எழுந்திருக்கும். "ஓடியா, குதிரை போயிருச்சு!"

செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். தும்பை பக்கவாட்டில் நீட்டிப் படுத்திருந்தது, கழுத்து முழுக்கத் தரையில், நான்கு காலும் விறைத்த மாதிரி நேராக. செத்துப்போன மாடு அப்படித்தான் கிடக்கும். அப்பாரு தடுப்பைப் பிடித்துக்கொண்டு நடுங்கினார். கிட்டப் போய் டார்ச்சைத் தரையைப் பார்த்துப் பிடித்தேன். விலா மெதுவாக ஏறி இறங்கியது. மூடின இமைக்குள் கண் உருண்டது. முன்னங்கால் குளம்பு ஒன்று சின்னதாக உதைத்தது, இரண்டு தடவை, எங்கேயோ ஓடுகிற மாதிரி. உதடு எதையோ மென்றது. தடுப்புக்கு அந்தப் பக்கம் மயிலைப் பசு எழுந்து நின்றுகொண்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தபடி அசை போட்டுக்கொண்டிருந்தது.

"தூங்குதுங்க அப்பாரு."

நம்பவில்லை. கட்டிலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார், பால் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு. இருபது நிமிடம் இருக்கும். தும்பை தலையைத் தூக்கியது, எங்களைப் பார்த்தது, முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி ஊன்றிக்கொண்டு ஒரே உந்தில் எழுந்தது.

"தலைகீழா எந்திரிக்குது பாரு" என்றார் அப்பாரு. மாடு பின்பக்கத்தைத்தான் முதலில் தூக்கும், எழுபது வருடமாக அவர் பார்த்து வந்தது அதைத்தான். சிரிக்கவும் இல்லை, நம்பவும் இல்லை, மறுபடி ஒரு தடவை படுத்து எழுந்து காட்டாதா என்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். தும்பையின் இடது கன்னம், கழுத்து, விலா, தொடை எல்லாம் காப்பித்தூள் நிறத்தில் நார்த்தூள் அப்பியிருந்தது. அப்பாரு எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, தடுப்புக்குள் கையை விட்டு அதன் கன்னத்தைத் துடைக்கப் பார்த்தார். "வேண்டாமுங்க அப்பாரு, அப்படியே இருக்கட்டும்" என்றேன்.